நம் பிள்ளைகள் நொத்தாரிசுகளாகவும் வரவேண்டும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, உயர்தர வகுப்பு மாணவியருக்காக நடத்தப்பட்ட தொழில் வழிகாட்டல் அரங்கில், பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



சங்கச் செயலாளர் எங்களை அழைத்தபோது மருத்துவத் தொழிலைப் பற்றித்தான் பேசச் சொன்னார். மருத்துவத்தைப் பற்றி இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆட்கள் குறைவில்லை. வீட்டில் அம்மா சொல்வார், ரியூசன் ஆசிரியர் சொல்வார், அயலிலுள்ள மாமியும் சொல்வார். நாங்கள் படித்த காலத்திலும் அப்படித்தான். உயிரியல் படித்தால் டொக்டர், கணிதம் படித்தால் இஞ்சினியர், வர்த்தகம் படித்தால் வங்கி, கலைப்பிரிவு என்றால் ஆசிரியை என்று நான்கு வாசல்களைக் காட்டி எங்களை அனுப்பினார்கள். ஆகவே எங்கள் தொழிலை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, ஆசுப்பத்திரிக் கட்டிலருகில் நாங்கள் அடிக்கடி சந்திக்கும் இன்னொரு தொழிலைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். செயலாளர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அந்தத் தொழில் நொத்தாரிசுத் தொழில்.

மருத்துவருக்கும் நொத்தாரிசுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். பிறப்பு, திருமணம், நோய், மரணம் ஆகிய நான்கு வேளைகளிலும் குடும்பங்கள் தேடிப்போவது எங்கள் இருவரையுந்தான். பிள்ளை பிறக்கும்போது எங்களிடம் வருவார்கள். பிள்ளைக்குச் சீதனம் எழுத நொத்தாரிசிடம் போவார்கள். தகப்பன் படுக்கையில் விழுந்தால் இரண்டு பேரையும் ஒரே கிழமையில் தேடுவார்கள்.

முதலில் நொத்தாரிசு என்பவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறோம். தோம்பு என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் விட்டுப்போனார்கள். நொத்தாரிசு என்ற சொல்லை ஒல்லாந்தர் விட்டுப்போனார்கள். சட்டத்தை ஆங்கிலேயர் எழுதினார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணியை விற்பதானாலும், நன்கொடை கொடுப்பதானாலும், ஈடு வைப்பதானாலும் அது எழுத்தில் இருக்கவேண்டும், நொத்தாரிசு ஒருவர் முன்பாகவும் இரண்டு சாட்சிகள் முன்பாகவும் ஒப்பமிடப்படவேண்டும் என்று அது சொல்கிறது. வாய்ப்பேச்சில் கொடுத்த காணி கொடுத்ததாகாது. தாளில் எழுதி வீட்டுக்குள் ஒப்பமிட்டு வைத்திருந்தாலும் ஆகாது. பிரதிகளை உறுதிப்படுத்தித் தருகிற சமாதான நீதவானையும் நொத்தாரிசையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். சமாதான நீதவானின் ஒப்பத்தால் காணி கைமாறாது.

அந்த நொத்தாரிசு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்வது 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம். அதிலுள்ள விதிகளை எங்கள் வகுப்புத் தோழி ஒருவர் எங்களுக்கு ஒரு மாலைப்பொழுதில் விளங்கப்படுத்தினார். அவர் எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர், இன்று நொத்தாரிசாகத் தொழில் புரிபவர். கேட்கக் கேட்க எங்களுக்கு வியப்பாக இருந்தது. அந்த விதிகளிற் பெரும்பகுதி எப்படி ஒப்பமிடுவது என்பதைவிட எப்போது ஒப்பமிடக் கூடாது என்பதையே சொல்கிறது.

ஒப்பமிட வந்தவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாட்சிகள் இருவருக்குமாவது தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உறுதியை நிறைவேற்றக் கூடாது. வந்தவர் வாசிக்கத் தெரியாதவர் என்றால் சாட்சிகள் முன்னிலையில் அதை வாசித்துக்காட்டி விளங்கப்படுத்த வேண்டும். ஒப்பமிடுபவரும் இரண்டு சாட்சிகளும் நொத்தாரிசும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் இருக்கவேண்டும். ‘நீங்கள் வைத்துவிட்டுப் போங்கோ, சாட்சிகள் பின்னேரம் வந்து வைப்பினம்’ என்பதற்கு அங்கே இடமில்லை. பணம் தன் கண்முன்னே கைமாறியதா இல்லையா என்பதையும், எந்த வரியில் எந்தச் சொல் வெட்டித் திருத்தப்பட்டது என்பதையும் உறுதியின் முடிவில் நொத்தாரிசு தன் கையொப்பத்தோடு சொல்லவேண்டும்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறோம். முதியவர் ஒருவர் விடுதியில் இருக்கும்போது பிள்ளைகள் எங்களிடம் வந்து, ‘அப்பாவுக்குச் சித்தம் தெளிவாக இருக்கிறது என்று ஒரு கடிதம் தாருங்கோ, உறுதி எழுதவேணும்’ என்று கேட்பார்கள். இது சின்ன வேலையல்ல. தான் செய்யப்போவது என்ன, தன்னிடம் இருக்கும் சொத்து எது, அதில் உரிமை எதிர்பார்க்கக்கூடியவர்கள் யார் யார் என்பதை அவர் விளங்கிக்கொள்கிறாரா என்று பார்க்கவேண்டும். சோடியம் குறைந்தாலும், சிறுநீரில் கிருமித்தொற்று வந்தாலும், சீனி இறங்கினாலும் முதியவர்களின் சித்தம் தடுமாறும். காலை பத்து மணிக்குத் தெளிவாகப் பேசியவர் மாலை ஆறு மணிக்கு மகனைத் தம்பி என்று கூப்பிடுவார். பாரிசவாதத்தால் பேச்சு இழந்தவர் நாங்கள் சொல்வது எல்லாவற்றையும் விளங்கிக்கொள்வதுண்டு. மறதிநோய் முற்றிய ஒருவர் அழகாகக் கையெழுத்து வைப்பதுமுண்டு, ஏனென்றால் கை பழக்கத்தால் எழுதும். ஆகவே கையெழுத்தைப் பார்த்து மனத்தை மதிப்பிட முடியாது என்பது எங்கள் தொழில் எங்களுக்குக் கற்றுத்தந்த பாடம்.

ஆனால் எங்கள் கடிதத்தால் எல்லாம் முடிந்துவிடாது. ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். ஆட்களை அடையாளம் காணமுடியாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கிறோம்.

பாரிசவாதம் வந்து தேறிக்கொண்டிருந்த ஓர் அம்மா. இரண்டு மகன்மார், ஒரு மகள். தாயைப் பராமரித்தவர் மகள். மகன்மார் எழுதுவித்த நன்கொடை உறுதி ஒன்றுக்கு ஒப்பம் வாங்க, சாட்சிகளோடு எங்கள் தோழியான அந்த நொத்தாரிசை விடுதிக்கு அழைத்து வந்தார்கள். அந்த அம்மாவின் சித்தம் தெளிவாகவே இருந்தது. மருத்துவக் கடிதமும் அப்படித்தான் சொன்னது. உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு நொத்தாரிசு மகன்மாரை வெளியே நிற்கச் சொன்னார். பிறகு கட்டிலோரம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ‘அம்மா, இது என்ன கடுதாசி என்று தெரியுமோ?’ என்று கேட்டார்.

‘ஆசுப்பத்திரிக் கடுதாசி’ என்றார் அந்த அம்மா. ‘வேற ஆசுப்பத்திரிக்கு மாத்தக் கையெழுத்து வேணுமாம்.’

நொத்தாரிசு உறுதியை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார். மகன்மாரிடம், ‘அம்மா சுகமாகி வீட்டுக்கு வந்தபிறகு அவரையே என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கோ’ என்று மட்டும் சொன்னார். அவர்கள் கோபித்தார்கள். வேறு ஆள் பிடிப்போம் என்றார்கள். தோழிக்கு அன்று ஒரு சதமும் கிடைக்கவில்லை, வந்துபோன ஓட்டோச் செலவும் அவருடையதே.

சில கிழமைகளின் பின் அந்த அம்மா மகளுடன் ஓட்டோவில் நொத்தாரிசின் அலுவலகத்துக்குப் போனார். காணியை மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்து எழுதினார். தான் இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கவும் அதன் பயனை எடுக்கவும் சீவிய உருத்தைத் தனக்கு வைத்துக்கொண்டார். சீவிய உருத்து என்று ஒன்று உண்டு என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். நன்கொடையைக் கொடுத்து, வாங்குபவர் ஏற்றுக்கொண்டு ஒப்பமிட்டபின், நினைத்தபாட்டில் அதைத் திருப்பி எடுக்க முடியாது என்பதும் அன்றுதான் தெரியும். வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு அதே வீட்டின் விறாந்தையில் விருந்தாளியாகக் கிடக்கும் தாய்மாரை நாங்கள் விடுதியில் பார்க்கிறோம். குணமானபிறகும் கூட்டிப்போக ஆள் வராத கட்டில்கள் அவை. அந்த வரிசையில் இந்த அம்மா சேரவில்லை. மருந்து அவருடைய உடலைத் தேற்றியது. வீட்டைக் காத்தது நொத்தாரிசு கேட்ட அந்த ஒரு கேள்வி.

சித்தம் தெளிவாக இருப்பது வேறு, விஷயம் தெரிந்திருப்பது வேறு. முதலாவதைப் பற்றி மருத்துவர் சொல்லலாம். இரண்டாவதை உறுதிப்படுத்த வேண்டியவர் நொத்தாரிசு.

பிள்ளைகளே, எங்கள் பிரதேசத்தில் இது பெண்களின் காரியமாகவும் இருக்கிறது. வடபகுதித் தமிழருக்குத் தேசவழமை என்ற சொந்தச் சட்டம் உண்டு. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட வழமை அது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை அது வகுக்கிறது. ஒரு காணி இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்து யார் ஒப்பமிட வேண்டும், யாருக்கு எவ்வளவு போகும் என்பது மாறும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணமான பெண்ணின் சொத்து அவளுடைய தனிச்சொத்து. கணவனுடைய கடனுக்கு அது பொறுப்பல்ல. ஆனால் தன் காணியைத் தான் உயிரோடிருக்கும்போது விற்கவோ கொடுக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். மரணசாசனம் எழுத அந்தச் சம்மதம் தேவையில்லை.

போருக்குப் பிறகு இதன் பாரத்தை அனுபவித்தவர்கள் எத்தனை பேர்! கணவன் எங்கே என்றே தெரியாத பெண் யாரிடம் சம்மதம் வாங்குவாள்? மகளுக்குச் சீதனம் கொடுக்கத் தன் தாய் தந்த காணியை எழுத முடியாமல் நிற்பாள். கணவன் இருக்குமிடம் தெரியாதபோதும், அவன் கைவிட்டுப் போனபோதும், நியாயமின்றிச் சம்மதத்தை மறுக்கும்போதும் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதமின்றிக் காணியைக் கைமாற்ற அனுமதி கொடுக்கலாம் என்று அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழியை அவளுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆண்கள் நிறைந்த அலுவலகத்தில், தன் வீட்டுக் கதையைச் சொல்லக் கூச்சப்பட்டு, ‘பிறகு வாறன்’ என்று திரும்பிப் போகிறவள் அவள். மேசைக்கு அப்பால் இன்னொரு பெண் இருந்தால் கதிரையில் இருந்து பேசுவாள். பெண் நோயாளிகள் பெண் மருத்துவரைத் தேடுவதும் இதே காரணத்தாலேதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்திலிருந்து எல்லோரும் வெளிக்கிட்டபோது எங்கள் வகுப்பு சாதாரணதரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்த அந்த இரவை எங்கள் வயதினர் யாரும் மறக்கமாட்டோம். எங்கள் அம்மாமார் பலர் அன்று அரிசியோடும் உடுப்போடும் ஒரு பையையும் தோளில் கொழுவிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் இருந்தன. அந்தப் பையைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் படுப்பார்கள். பை தொலைந்தவர்களும் இருந்தார்கள். தொலைந்தவர்களிற் சிலர் பின்னாளில் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுத்துக்கொண்டார்கள்.

அது எப்படி அங்கே வந்தது? நொத்தாரிசு ஒவ்வோர் உறுதிக்கும் மூன்று பிரதிகள் செய்யவேண்டும். மூல உறுதி உரிமையாளருக்கு. ஒன்று நொத்தாரிசின் பாதுகாப்பில் இருக்கும். மற்றதை, அந்த மாதத்தில் நிறைவேற்றிய உறுதிகளின் பட்டியலோடு, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவாளருக்கு அனுப்பவேண்டும். காகித வேலை என்று நாங்கள் அலட்சியமாகச் சொல்கிற ஒன்று, ஒரு குடும்பம் தன் ஊருக்குத் திரும்பி வந்து, ‘இது எங்கள் வளவு’ என்று சொல்ல உதவியது. மாதம் தவறாமல் அந்தப் பிரதிகளை அனுப்பிய நொத்தாரிசுகள் யார் என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

சரி, இந்தத் தொழிலுக்கு எப்படி வருவது? எங்கள் பாட்டன்மார் காலத்தில் அப்புக்காத்து, பிறக்கிராசி என்று இரண்டு வகையினர் இருந்தார்கள். பிறக்கிராசிமார் நொத்தாரிசுகளாகவும் இருந்தார்கள். சட்டம் படிக்காமல், மூத்த நொத்தாரிசு ஒருவரிடம் தொழில் பழகிப் பரீட்சை எழுதி வந்த கிராமத்து நொத்தாரிசுமாரும் இருந்தார்கள். 1974இல் அப்புக்காத்தும் பிறக்கிராசியும் ஒன்றாகிச் சட்டத்தரணி என்ற பெயர் வந்தது. இன்று உங்களுக்குத் திறந்திருக்கும் பாதை சட்டத்தரணியாகி, அதன்பின் நொத்தாரிசாவது.

உயர்தரத்தில் எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் வரலாம். உயிரியல் படித்துவிட்டோமே என்று யோசிக்கவேண்டாம். இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, கொழும்பு புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி. 1874இல் தொடங்கியது அது. அதற்குப் போட்டி நுழைவுப் பரீட்சை உண்டு. மொழியறிவும் பொது அறிவும் நுண்ணறிவும் பார்ப்பார்கள். மற்றது, பல்கலைக்கழகச் சட்டப் பட்டம். கொழும்பிலும் பேராதனையிலும் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்டம் படிக்கலாம். பட்டம் பெற்றவர்களும் சட்டத்தரணியாவதற்குச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் சித்தியடைய வேண்டும். எந்த வாசலால் போனாலும் ஆங்கிலத்தை இப்போதே கவனியுங்கள். வழக்குத் தீர்ப்புகளும் பழைய சட்டப் புத்தகங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழை அதைவிடக் கவனியுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

பரீட்சைகளை முடித்தபின் மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதம் தொழிற்பயிற்சி. அதன்பின் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். உறுதி எழுதும் பாடத்தைக் ‘கொன்வேயன்சிங்’ என்றே எல்லோரும் சொல்வார்கள். அதில் சித்தியடைந்த சட்டத்தரணி நொத்தாரிசாக விண்ணப்பிக்கலாம். எந்தப் பகுதியில், எந்த மொழியில் தொழில் புரியப்போகிறார் என்பதை விண்ணப்பத்தில் காட்டவேண்டும். நீதி அமைச்சரின் அதிகாரப் பத்திரம் கிடைத்து, பிணைமுறி கொடுத்து, கையொப்ப மாதிரியைப் பதிவு செய்த பிறகுதான் முதல் உறுதியை நிறைவேற்றலாம். பத்திரம் ஒருமுறை கிடைத்தால் போதாது. ஆண்டுதோறும் நீதிமன்றப் பதிவாளரிடம் சான்றிதழ் பெறவேண்டும்.

ஆனால் தொழிலை எங்கே கற்கிறார்கள் என்று தோழியிடம் கேட்டோம். ‘சீனியரின் மேசையிலும் காணிப் பதிவகத்தின் பழைய புத்தகங்களிலும்’ என்றார். உறுதி எழுதுமுன் பதிவகத்தில் தேடுதல் செய்யவேண்டும். வழமையாக முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் பின்னோக்கிப் போய், காணி யார் யார் கையால் வந்தது, இடையில் ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓர் உறுதியில் 4 பரப்பு என்றிருக்கும், அடுத்ததில் 3 பரப்பும் சில குழிகளும் என்றிருக்கும். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பது பாடம். மிச்சக் குழிகள் எங்கே போயின என்று தேடுவது பயிற்சி. கிழக்கு எல்லையில் பெயர் எழுதப்பட்டவர் இறந்து மூன்று தலைமுறையாகியிருக்கும். கிணற்றில் பங்கும், தண்ணீர் போகும் வாய்க்காலும், ஆள் போகும் வழியும் ஒரு வரியில் விடுபட்டால், இரண்டு வீட்டாரும் இருபது ஆண்டு பேசாமல் இருப்பார்கள். அந்தக் கோபத்தில் ஏறும் இரத்த அழுத்தத்துக்கு நாங்கள் மருந்து எழுதுகிறோம்.

தமிழை இப்போது சொல்கிறோம். உறுதியிலிருக்கும் தமிழ், ஒப்பமிடும் ஆச்சிக்கு விளங்கவேண்டும். ‘சகல ஆதன பாத்தியதைகளும்’ என்று எழுதியதை, ‘ஆச்சி, இந்த வளவும் வீடும் கிணற்றில் உங்களுடைய பங்கும் இனிப் பேரனுக்குச் சொந்தம், சரியோ?’ என்று சொல்லத் தெரிந்தவரே விளங்கப்படுத்தியவர். இந்தப் பாடசாலையில் தமிழ்த்தினப் போட்டிக்கும் விவாத மேடைக்கும் உங்களைத் தயார்ப்படுத்திய பயிற்சி அங்கே கைகொடுக்கும். சிங்களமும் கற்றுக்கொண்டால் உங்கள் மேசைக்கு வருபவர்களின் வட்டம் இன்னும் விரியும்.

இது சொகுசான தொழில் என்று நாங்கள் சொல்லவில்லை. கொழும்பில் தங்கிப் படிக்கும் ஆண்டுகள் செலவானவை. முதற் சில வருடங்கள் வருமானம் குறைவாகவே இருக்கும். கட்சிக்காரர் பழைய பெயர்களைத் தேடித்தான் போவார்கள். சோதனையும் வரும். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கும் காணிக்கு வேறோர் ஆளைக் கூட்டிவந்து நிறுத்துவார்கள். ஒரு தேதியை முன்னுக்குப் போடச் சொல்வார்கள். ‘எல்லாரும் செய்யிறதுதானே’ என்பார்கள். விதியை மீறும் நொத்தாரிசுக்குத் தண்டனை உண்டு, அதிகாரப் பத்திரமும் பறிபோகலாம். ஆனால் அதற்கு முன்பே ஊரில் ஒரு பெயர் போய்விடும். நொத்தாரிசின் கையொப்பத்துக்குள்ள பெறுமதி, அவர் ஒப்பமிட மறுத்த உறுதிகளிலிருந்து வருவது. மருத்துவச் சான்றிதழுக்கும் அது பொருந்தும். லீவுக்காகப் பொய்ச் சான்றிதழ் கொடுக்கும் மருத்துவர் உண்மையான நோயாளிக்குக் கொடுக்கும் சான்றிதழையும் யாரும் நம்பமாட்டார்கள்.

நன்மையையும் சொல்லவேண்டும். இது ஊரிலிருந்து செய்யக்கூடிய தொழில். இரவுக் கடமை இல்லை. பிள்ளை பெற்று வளர்க்கும் காலத்தில் குறைத்துக்கொள்ளலாம், பிறகு கூட்டிக்கொள்ளலாம். வயது ஏற ஏற மதிப்பு ஏறும்.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கும், இந்த மலரை எங்கிருந்தோ வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, ஊரிலுள்ள காணியைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் அனுப்பும்போது, எதற்கு என்பதை வரையறுத்து எழுதுவியுங்கள். ‘எல்லாம் செய்யலாம்’ என்று எழுதிய ஒரு தாள் எல்லாவற்றையும் செய்துவிடும். வெறுந்தாளில் கையொப்பமிட்டு யாருக்கும் அனுப்பாதீர்கள், உடன்பிறந்தவருக்கும்தான்.

இரண்டாவது, உங்கள் பெற்றோர் சுகமாக இருக்கும்போதே மரணசாசனத்தைப் பற்றிப் பேசுங்கள். நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில், அல்லது நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் முன்னிலையில் அது எழுதப்படலாம் என்று சட்டம் சொல்கிறது. வீட்டுத் திண்ணையில் ஆறுதலாகப் பேசி எழுதவேண்டியதை, ஒட்சிசன் குழாய் மூக்கில் இருக்கும்போது எழுத அழைத்து வராதீர்கள். அந்த நேரத்தில் பெற்றோருக்கு வேண்டியது உங்கள் கை, உங்கள் பேனை அல்ல.

மூன்றாவது, சங்கத்துக்கு ஒரு யோசனை. மருத்துவ, பொறியியல் மாணவியருக்கு நாங்கள் உதவுகிறோம், நல்லது. இந்த நூற்றாண்டு நினைவாக, சட்டம் படிக்கப் போகும் ஒரு பிள்ளைக்குக் கொழும்பில் தங்குமிடச் செலவையும் புத்தகச் செலவையும் ஒவ்வொரு வகுப்புத் தொகுதியும் முறைவைத்து ஏற்றுக்கொள்ளலாம். தொழில் புரியும் பழைய மாணவியரான சட்டத்தரணிகள், ஆறு மாதப் பயிற்சிக்கு ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளலாம். எங்கள் வகுப்பு முதல் முறையை எடுத்துக்கொள்கிறது என்று எங்கள் தோழியர் சார்பில் இன்றே சொல்லிவிடுகிறோம்.

பிள்ளைகளே, உங்களில் யாராவது ஒருவர் இன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் உங்கள் வீட்டு உறுதியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எல்லையில் யார், கிணற்றில் பங்கு உண்டா, உங்கள் அம்மாவின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். விளங்காத சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்தபின்னும் இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் வந்தால், இந்தத் தொழில் உங்களுக்குப் பொருந்தும். ஆவல் வராவிட்டாலும் நட்டமில்லை. தன் வீட்டு உறுதியை வாசித்த ஒரு பெண்ணாவது அந்த வீட்டில் இருப்பாள்.